கேற்றுக்கு ஆர் பொறுப்பு

பள்ளிக்கூடத்து கேற் மகள்மேல் விழுந்துவிட்டது என்ற செய்தி வந்தபோது மாக்கிரட், பொலிதேயாமா நாடக அரங்கத்துக்குப் பின்தெருவில், ஓர் இத்தாலியச் சிஞ்ஞோராவின், அதாவது அம்மணியின், வீட்டில், ஏணியில் நின்று சரவிளக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள். தொலைபேசியை எடுத்த சிஞ்ஞோரா கீழே நின்று, “முதலில் இறங்கு, பிறகு சொல்கிறேன்” என்றாள். அந்த வார்த்தையிலேயே மாக்கிரட்டுக்குப் பாதி விளங்கிவிட்டது. எப்படி இறங்கினாள், எந்தத் தெருவால் ஓடினாள் என்பது அவளுக்குப் பிறகும் ஞாபகம் வரவில்லை.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி மாதம். மாக்கிரட் மன்னார் பேசாலைக்காரி. புருஷன் கொன்ஸ்ரன்ரைன் நகருக்கு வெளியே சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டத்தில் வேலை செய்தான். மகள் நிரோஷி இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தின் கேற் தண்டவாளத்தில் பக்கவாட்டாக ஓடுகிற வகை. ஆளுயரத்துக்கு மேல், முழுக்க இரும்பு. தண்டவாளத்தின் கடைசியில் அதைத் தடுத்து நிறுத்தும் இரும்புத் துண்டு துருப்பிடித்து எப்போதோ விழுந்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற மணி அடிக்கப் பிள்ளைகள் கேற்றைத் தள்ளினார்கள். கேற் தண்டவாளத்தைத் தாண்டி ஓடிச் சாய்ந்தது. பக்கத்தில் பூக்கன்று வைத்த கல்தொட்டி ஒன்று இருந்தது. கேற்றின் பாரத்தை அதுதான் தாங்கியது. நிரோஷியின் இடதுகை மட்டும் அகப்பட்டது.

ஆசுப்பத்திரியில் முழங்கைக்குள் கம்பி வைத்துத் தைத்தார்கள். “அந்தத் தொட்டி மட்டும் இல்லாவிட்டால்” என்று தொடங்கிய தாதி மிச்சத்தைச் சொல்லாமல் போர்வையை இழுத்துவிட்டுப் போனாள்.

அன்று இரவு பள்ளியின் இயக்குநர், பட்டதாரி என்ற மரியாதையில் ‘தொத்தோர்’ கூசுமானோ, அங்கே வந்தார். கோட்டைத் தோளில் போர்வைபோலப் போட்டுக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

“சிஞ்ஞோரா, நமது பள்ளி ஒரு தாய். தாயின் மடியிலிருந்து விழுந்த பிள்ளை தாய்மேல் வழக்குப் போடுவதில்லை.”

மாக்கிரட் வழக்கைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. தனக்குத் தெரிந்த வீட்டுவேலை இத்தாலியனில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: அந்த கேற்றை இனி என்ன செய்வீர்கள்?

“அதுபற்றி முடிவெடுக்க வேண்டியவர் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை” என்றார் அவர். பிறகு நிரோஷியின் நல்ல கையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார்.

இங்கே அந்தப் பள்ளியைப்பற்றிச் சொல்ல வேண்டும். அது ‘பாரிபிக்காத்தா’. அதாவது அரசுப் பள்ளிக்குச் சமம் என்று அரசே ஏற்றுக்கொண்ட, ஆனால் அரசு நடத்தாத பள்ளி. நடத்தியது ஓர் அறக்கட்டளை. அரசின் உதவிப்பணம் வரும்போது அது பொது நிறுவனம். அரசின் கணக்குப் பரிசோதகர் வரும்போது தனியார் நிறுவனம். வாசலில் அரச இலச்சினை ஒன்று தொங்கியது. பரிசோதகர் வரும் நாட்களில் மட்டும் அதைத் துடைப்பதற்காகக் கழற்றி உள்ளே கொண்டுபோவார்கள்.

வேறு பள்ளிக்கு மாற்றலாமே என்று கேட்டால், மாக்கிரட் குடியிருந்த பல்லரோவில் அரசுப் பள்ளியில் கட்டடம் போதாமல் இரண்டு நேரமாக வகுப்பு நடந்தது. மத்தியானத்தோடு பிள்ளையை வெளியே விட்டால் அவளை ஆர் பார்ப்பது? இந்தப் பள்ளி பின்னேரம்வரை வைத்திருக்கும். சாப்பாடும் கொடுக்கும். வேலைக்காரத் தாய்மாருக்கு அதுதான் கதி.

“கோடு, கேஸ் எண்டு போனால் குவெஸ்தூராப் பொலிசிலை பேர் விழும்” என்றான் கொன்ஸ்ரன்ரைன். “இஞ்சை இருக்கிறதுக்கு என்ரை பெர்மெசோ இன்னும் புதுப்பிச்சு வரேல்லை. தெரியுந்தானே.”

“நான் கேஸ் போடப்போறன் எண்டு ஆர் சொன்னது? கேற்றைத் திருத்தச் சொல்லிக் கேக்கப்போறன்.”

“அவங்களுக்கு ரெண்டும் ஒண்டுதான்.”

அவன் சொன்னது எவ்வளவு சரி என்பது பின்னால் தெரியவந்தது.

கையில் பிளாஸ்டரோடு நிரோஷி பள்ளிக்குத் திரும்பிய நாளில் கேற் விழுந்த இடத்திலேயே நிமிர்த்தி, தூணோடு சாய்த்து, நீலநிற உடுப்புக் காயப்போடும் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. அதற்கும் மற்றத் தூணுக்கும் இடையில் இருந்த வழியால் பிள்ளைகள் போய்வந்தார்கள். கயிறு கட்டியவர் பள்ளிக் காவலாளி. அதற்காக அவருக்கு எழுத்தில் கண்டனம் கிடைத்தது. குற்றம்: அனுமதியின்றிப் பொறுப்பேற்றல். கயிற்றை அவிழ்க்கவும் விடவில்லை. அவிழ்ப்பதும் பொறுப்பேற்றல்தானாம்.

மாக்கிரட் இயக்குநரிடம் போனாள். கூடவே மோனிக்கும் வந்தாள். மோனிக் மொரீசியஸ்காரி. முன்னோர் வழியில் தமிழ், வாயில் தமிழ் இல்லை. அவளுடைய மகன் ஜோர்டான் நிரோஷியின் வகுப்பு. இரண்டு பெண்களும் தங்களுக்குள் இத்தாலியனில்தான் கதைப்பார்கள்.

இயக்குநர் இருவரையும் இருக்கச் சொன்னார். பிறகு எழுந்து நின்று பேசினார்.

“ஒரு பொது நிறுவனத்தின்மேல் எவரும் நினைத்தபடி குறை சொல்ல முடியாது. குறித்த கெடுவுக்குள் முறைப்பாடு கொடுக்க வேண்டும். நாங்கள் பொது நிறுவனமா என்பது தீர்மானிக்கப்படாததால் கெடு இன்னும் தொடங்கவில்லை.”

“எப்போது தொடங்கும்?” என்றாள் மோனிக்.

“தீர்மானமானதும், விபத்து நடந்த நாளிலிருந்தே தொடங்கிவிட்டதாகக் கொள்ளப்படும்.”

“அதற்குள் கெடு முடிந்துவிடாதா?”

“முடிந்திருக்கும். ஆனால் முறைப்படி முடிந்திருக்கும்.”

மாக்கிரட் இதில் தலையிடவில்லை. இரும்பு ஒட்டு வேலைக்காரன் ஒருவனைக் கூப்பிட்டால் ஒரு காலையில் முடிகிற வேலை என்று மட்டும் சொன்னாள்.

சபையில் சொல்லக்கூடாத சொல் ஒன்றைக் கேட்டவர்போல இயக்குநர் கதவைப் போய்ச் சாத்திவிட்டு வந்தார். “திருத்தினால் அது பழுது என்று ஒப்புக்கொண்டதாகும். பழுதை ஒப்புக்கொண்டால் கேற் நமது. கேற் நமது என்றால் அது விழுந்ததும் நமது. நான் இந்தப் பிள்ளைகளை நேசிக்கிறேன், சிஞ்ஞோரா. இந்தப் பள்ளி அவர்களுக்கு நிலைக்க வேண்டும். அதனால்தான் அந்த கேற்றை நான் தொடுவதில்லை.”

அடுத்த கிழமை மாக்கிரட் சமப்பள்ளிகளின் பொதுத்தன்மையை நிர்ணயிக்கும் காரியாலயத்துக்குப் போனாள். அங்கே தொத்தொரெஸ்ஸா லா மாந்தியா என்ற அதிகாரி, பொறுமையானவள், சட்டக்கோவையை விரித்து விரலால் தடவிக்கொண்டு வந்தாள்.

“இதோ இருக்கிறது. உட்பக்கம் திறக்கும் கதவு தனியாருடையது. வெளிப்பக்கம் திறக்கும் கதவு பொதுத்தெருவுக்குள் வருவதால் பொதுவுடையது. உங்கள் கதவு எப்படித் திறக்கும்?”

மாக்கிரட் கையைப் பக்கவாட்டில் அசைத்துக் காட்டினாள்.

லா மாந்தியா அந்தக் கையையே பார்த்தாள். “மறுபடி காட்டுங்கள்.”

காட்டினாள்.

“பக்கவாட்டைச் சட்டம் எதிர்பார்க்கவில்லை” என்று கோவையை மூடினாள் அதிகாரி. “ஆணைக்குழு கூடவேண்டும்.” மாக்கிரட்டின் முகத்தைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நான் என்னுடைய பிள்ளைகளை அரசுப் பள்ளிக்குத்தான் அனுப்புகிறேன். அங்கே எது விழுந்தாலும் அரசின் பொருள்தான் விழும். மனதுக்கு ஒரு நிம்மதி.”

ஆணைக்குழு வந்தது. வந்தவர்கள் சமையலறைக் கதவால் வந்தார்கள். சர்ச்சைக்குரிய கேற்றைக் கடந்து வந்தால் அதன் நிலையை ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்று சட்ட ஆலோசனை இருந்தது. தக்காளிப் பெட்டிகளுக்கும் எண்ணெய்த் தகரங்களுக்கும் நடுவால் கோட்டுகளைத் தூக்கிப் பிடித்தபடி ஒவ்வொருவராகப் போனார்கள். அன்று முதல் ஆசிரியர்களும் சமையலறைக் கதவையே பாவிக்க வேண்டுமென்று சுற்றறிக்கை வந்தது. பிள்ளைகள்? அதையும் சுற்றறிக்கை மறக்கவில்லை. சிறுவர்கள் சட்டப்படி எதையும் ஏற்றுக்கொள்ளத் தகுதியற்றவர்கள். ஆகவே அவர்கள் கேற்றால் போய்வருவதில் யாதொரு ஆட்சேபமும் இல்லை.

ஆணைக்குழுவின் இடைக்காலத் தீர்ப்பு: பாடவேளையில் அந்தப் பள்ளி பொது நிறுவனம். இடைவேளையிலும் பள்ளி விட்ட பிறகும் தனியார் நிறுவனம். கேற் விழுந்ததோ மணி அடித்துக்கொண்டிருந்தபோது. மணி பாடவேளையின் முடிவா, விடுதலையின் தொடக்கமா என்பதை ஆராய உபகுழு ஒன்று அமைக்கப்பட்டது. உபகுழுவுக்கு மணியைக் கேட்டுப்பார்க்க வேண்டியிருந்ததால் ஒரு நாள் காலை முழுக்க மணி அடித்தது. பிள்ளைகள் ஒவ்வொரு மணிக்கும் கேற்றை நோக்கி ஓடினார்கள். காவலாளி ஒவ்வொரு முறையும் அவர்களைத் திருப்பி அனுப்பினார்.

மாக்கிரட்டுக்கு நித்திரை போய்விட்டது. சிஞ்ஞோராவிடம் கெஞ்சி வேலையைக் கொஞ்சம் முன்கூட்டி முடித்துக்கொண்டு, தினமும் பள்ளி விடும் நேரத்துக்கு ஓடிவந்து, கேற்றுக்கு முதுகைக் கொடுத்து நிற்பாள். எதிரில் மோனிக் நின்று பிள்ளைகளைத் தூணோடு ஒட்டிப்போகச் சொல்லுவாள். காற்றில் இரும்பு அசைவது மாக்கிரட்டின் முதுகெலும்பில் தெரியும். கடைசிப் பிள்ளையும் போனபிறகுதான் விலகுவாள். ஒரு நாள் இயக்குநர் யன்னலைத் திறந்து, “சிஞ்ஞோரா, தாங்குவதும் பராமரிப்பில் சேரும். எச்சரித்துவைக்கிறேன்” என்று சொல்லி மூடிக்கொண்டார்.

“அண்டைக்கு உன்ரை பிள்ளை” என்றான் கொன்ஸ்ரன்ரைன் வீட்டில். “இண்டைக்கு ஊரான் பிள்ளையளுக்காகப் போய் நிக்கிறாய். உன்மேலை விழுந்தால்?”

“விழுந்தால் ஆற்றை பொறுப்பு எண்டு அவங்கள் ஆராயட்டும்.”

அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

சித்திரையில் சிறொக்கோ அடித்தது. ஆபிரிக்காப் பக்கத்திலிருந்து வரும் சூட்டுக்காற்று. வானம் மஞ்சளாகிப் பல்லுக்குள் மணல் கடிபட்டது. சிஞ்ஞோராவின் யன்னல் பலகைகள் அடித்துக்கொள்ளத் தொடங்கியதும் மாக்கிரட் கையிலிருந்த துணியை வைத்தாள். பள்ளிக்குத் தொலைபேசி எடுத்தாள். வியாழக்கிழமை ஆணைக்குழு கூடுகிறது, அதுவரை காற்றைப்பற்றிக் கருத்துச் சொல்வதற்கில்லை என்று பதில் வந்தது. பிறகு மோனிக் வேலை செய்யும் வீட்டுக்கு எடுத்தாள். கடைசியாகச் சியாகுல்லிக்கு எடுத்துத் தோட்ட முதலாளியிடம் புருஷனைக் கூப்பிடச் சொன்னாள்.

“கயிறும் கத்தரியும் கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வாங்கோ” என்றாள்.

“பெர்மெசோ” என்றான் அவன்.

“தெரியும். வாங்கோ.”

அவன் தொலைபேசியை வைத்துவிட்டான். வருவானா மாட்டானா என்று தெரியாமலே அவள் ஓடினாள்.

கேற் தூணை விட்டு விலகுவதும் திரும்ப மோதுவதுமாக இருந்தது. நீலக் கயிறு முறுக்கவிழ்ந்து சில இழைகளில் நின்றது. உள்ளே முற்றத்தில் பிள்ளைகள் வரிசையாகப் பைகளோடு நின்றார்கள். நிரோஷி நடுவில் எங்கேயோ நின்றாள். மோனிக் ஏற்கெனவே வந்து இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தாள். அவளுடைய தலைமயிர் முழுக்க மணல்.

“பிள்ளையளை விடாதேங்கோ” என்று மாக்கிரட் காவலாளியைப் பார்த்துக் கத்தினாள். தமிழில் கத்தியது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. ஆனால் அந்தக் கிழவருக்கு விளங்கியது.

“நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை, சிஞ்ஞோரா” என்றார் அவர். சொல்லிவிட்டுத் தன் சாவிக்கொத்தைப் பிள்ளைகளின் வரிசைக்கு முன்னால் நிலத்தில் போட்டார். பிறகு குனிந்து, காலை அகட்டி, வழியை முழுக்க மறித்துக்கொண்டு, கண்ணுக்கு முன்னால் கிடந்த சாவியைத் தேடத் தொடங்கினார். மணி அடித்தது. அவர் தேடிக்கொண்டேயிருந்தார்.

அப்போது தெருமுனையில் தோட்ட முதலாளியின் லாப்பா, இந்த ஊரில் பழம் ஏற்றும் மூன்றுசில்லு வண்டி, காற்றில் ஆடி ஆடி வந்தது. கொன்ஸ்ரன்ரைன் இறங்கினான். மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. தோட்டத்துக் கயிற்றைக் கேற்றின் மேல்கம்பியில் இரண்டு இடத்தில் கட்டி, ஒரு முனையைத் தூணைச் சுற்றி எடுத்துத் தான் பிடித்தான். மறுமுனையை மோனிக்கிடம் கொடுத்தான். மண்டரின் காம்பு வெட்டும் கத்தரியை மாக்கிரட்டிடம் நீட்டினான்.

“வெட்டு. வெட்டிப்போட்டு இந்தப் பக்கம் வா. அந்தப் பக்கம் போகாதை.”

மேலே யன்னல் திறந்தது. “வியாழக்கிழமை!” என்றார் இயக்குநர். “வியாழக்கிழமை கூடுகிறார்கள், தொடாதீர்கள்.”

மாக்கிரட் நீலக் கயிற்றை வெட்டினாள்.

பாரம் முழுக்கக் கயிற்றுக்கு வந்தது. மோனிக் இழுபட்டு முழங்காலில் விழுந்தாள், ஆனால் விடவில்லை. மாக்கிரட் ஓடிவந்து அவளுக்குப் பின்னால் பிடித்தாள். உள்ளங்கையில் தோல் உரிந்தது. கேற் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, அரைவாசிக்கு மேல் கயிற்றை உருவிக்கொண்டு மடாரென்று வெறும் கல்லில் விழுந்தது. தரையில் இரண்டு கல் வெடித்தது. ஆருக்கும் ஒன்றுமில்லை. காவலாளிக்குச் சாவி கிடைத்தது. பிள்ளைகள் விழுந்துகிடந்த கேற்றின்மேல் தடதடவென்று மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சில பேருக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போய்த் திரும்பிவந்து இன்னொருமுறை மிதித்தார்கள்.

பொலிஸ் அன்றைக்கே வந்துவிட்டது. இத்தனை நாளும் ஒரே மேசையில் உட்காராத அறக்கட்டளையும் காரியாலயமும் ஒரே முறைப்பாட்டில் கையெழுத்து வைத்திருந்தன. பொது நிறுவனத்தின் பொது உடைமைக்கு மாக்கிரட் வேண்டுமென்றே சேதம் விளைவித்தாளாம். கூசுமானோவின் கையெழுத்துக்குக் கீழே லா மாந்தியாவின் கையெழுத்து. மை காயாத வேகம்.

அந்தக் கோடையை அந்த வீடு எப்படிக் கழித்தது என்பதை விவரிக்கத் தேவையில்லை. கொன்ஸ்ரன்ரைன் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது. குவெஸ்தூராவில் வரிசையில் நின்றுவிட்டு வந்து, “இன்னும் பாக்கினமாம்” என்று மட்டும் சொல்லுவான். நிரோஷியின் கையில் பிளாஸ்டர் வெட்டினார்கள். கை முழுக்க நீளவில்லை. இடப்பக்கம் இருக்கும் கோப்பையை எடுக்க அவள் வலதுகையை வேலிக்கு மேலால் நீட்டுவதுபோல உடம்புக்குக் குறுக்கே நீட்டப் பழகிக்கொண்டாள்.

ஐப்பசியில் வழக்கு வந்தது. நீதவான் தடிமன் பிடித்து மூக்குச் சிந்திக்கொண்டிருந்த ஒரு பெண். மேசையில் கைக்குட்டைக் குவியல். மாக்கிரட்டுக்கு அரசு கொடுத்த சட்டத்தரணி ஓர் இளைஞன், வாயைத் திறக்க வேண்டாம் என்று அவளிடம் பலமுறை சொல்லியிருந்தான்.

கூசுமானோ சாட்சி சொன்னார். கேற்றைப்பற்றி இவ்வளவு அழகாகப் பேச முடியும் என்று மாக்கிரட் நினைத்திருக்கவில்லை. “அது வெறும் இரும்பல்ல, மாண்புமிகு நீதவான் அவர்களே. குடியரசு தன் குழந்தைகளை அணைக்கும் கை. என்றுமே பொது உடைமை. உறுதியானது, குறையில்லாதது, இந்தப் பெண் தொடும்வரை.”

நீதவான் மூக்கைத் துடைத்தாள். “மாசி மாதத்திலும் பொது உடைமையாகவா இருந்தது?”

“என்றுமே.”

“அப்படியென்றால் இவருடைய மகளின் கையை உடைத்தது இந்தக் குடியரசின் கைதானா?”

அறக்கட்டளையின் சட்டத்தரணி எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. சற்று ஒத்திவைக்கும்படி கேட்டான். நடைபாதையில் கூசுமானோவும் லா மாந்தியாவும் முதலில் மெதுவாகவும் பிறகு அவ்வளவு மெதுவாக அல்லாமலும் கதைத்தார்கள். திரும்பி வந்தபோது கேற் தனியாருடையதாகியிருந்தது. தனியார் பொருள் என்றபடியால் முறைப்பாட்டையும் பெருந்தன்மையோடு திரும்பப் பெறுகிறார்களாம். இனி ஒருவரும் ஒருவரையும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை.

மாக்கிரட்டின் சட்டத்தரணிக்கு முகம் மலர்ந்தது. ஆனால் நீதவான் மாக்கிரட்டைப் பார்த்தாள். “முறைப்பாட்டைத் திரும்பப் பெறுவதற்குக் குற்றம் சாட்டப்பட்டவரும் சம்மதிக்க வேண்டும். சம்மதமா?”

“சம்மதம் என்று சொல்லுங்கள்” என்றான் சட்டத்தரணி காதுக்குள்.

“ஓம் எண்டு சொல்லு” என்றான் பின்வரிசை வாங்கிலிருந்து கொன்ஸ்ரன்ரைன், தமிழில். “முடிஞ்சுது. வீட்டை போவம்.”

மாக்கிரட் எழுந்து நின்றாள். ஓம் என்றால் வீட்டுக்குப் போகலாம். பெர்மெசோ வரும். அந்தக் கை அப்படியே இருக்கும். எந்த கேற்றும் எவர்மேலும் விழவில்லை என்று ஆகும்.

“இல்லை” என்றாள்.

சட்டத்தரணி கண்ணை மூடிக்கொண்டான்.

“நான் வெட்டினேன்” என்றாள் மாக்கிரட் தன் வீட்டுவேலை இத்தாலியனில். “கேற் இருந்தது. இருந்தபடியால் வெட்டினேன். விழப்போனது, பிள்ளைகள் நின்றார்கள். நான் செய்தது குற்றமென்றால் தண்டியுங்கள். ஆனால் ஆருடைய கேற்றை வெட்டி விழுத்தினேன் என்று எனக்குச் சொல்லவேண்டும்.”

நீதவான் பேனையை மேசையில் வைத்தாள். “நியாயமான கேள்வி. தொத்தோர் கூசுமானோ?”

கூசுமானோ லா மாந்தியாவைப் பார்த்தார். லா மாந்தியா தன் சப்பாத்தைப் பார்த்தாள். நீதவான் காத்திருந்தாள். கைக்குட்டையை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள்.

“எங்களுடையது” என்றார் கூசுமானோ. சின்னப்பிள்ளை வகுப்பில் எழுந்து நின்று சொல்வதுபோல இருந்தது.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. பிள்ளைகளைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் செய்தாள் என்று மாக்கிரட் விடுதலையானாள். காவலாளி சாட்சிக்கு வந்து, தான் சாவி தேடியதை நீதவானுக்கு நடித்தும் காட்டினார். நிரோஷியின் கைக்காக அறக்கட்டளைமேல் தனி வழக்கு எழுதப்பட்டது. கெடு என்ற சொல்லை அறக்கட்டளையின் சட்டத்தரணி ஒருமுறை உச்சரித்துப் பார்த்தான். நீதவான் தும்மினாள். அவன் மறுபடி உச்சரிக்கவில்லை.

வெளியே படிக்கட்டில் கூசுமானோ வேகமாக வந்து மாக்கிரட்டின் முன்னால் நின்றார். முகத்தில் பகை இல்லை. ஏதோ நல்ல யோசனை வந்தவரின் களைதான் இருந்தது.

“சிஞ்ஞோரா, ஒரு சின்ன உதவி. ஆணைக்குழு உங்கள் செயலைப் பின்தேதியிட்டு அங்கீகரிக்கத் தயார். அறக்கட்டளையின் பணிப்பின்பேரிலேயே கேற்றை இறக்கினேன் என்று ஒரு வரி சொல்லுங்கள். பள்ளி தன் கடமையைச் செய்ததாகிவிடும். உங்களுக்கும் ஒரு பாராட்டு விழா.”

“ஒருவரும் பணிக்கவில்லை” என்றாள் மாக்கிரட். “அதற்குப் பொறுப்பு நான்.”

அவர் உண்மையாகவே குழம்பிப்போனார். “பொறுப்பா? எந்தத் தகுதியில், சிஞ்ஞோரா? பொதுவாகவா, தனியாகவா?”

அவள் அதற்குள் இரண்டு படி இறங்கிவிட்டாள். கொன்ஸ்ரன்ரைன் பின்னால் வந்து சேர்ந்தான்.

“அந்தாள் என்னவாம்?”

“ஆர் எண்டு கேக்கிறார்.”

“நீ என்ன சொன்னனீ?”

“நான் எண்டு சொன்னனான்.”